சேர்லொக் ஹோம்ஸைப் படைத்த மருத்துவர்

துப்பறியுங் கதையென்றால் முகஞ் சுளிக்கும் வழக்கம் நம் பண்டித வட்டாரத்தை விட்டு இன்னும் முற்றாக நீங்கவில்லை. புகைவண்டிப் பயணத்துக்கே அவை ஏற்றன என்பாரும், மாணாக்கர் கண்ணிற் படாது மறைத்து வைக்கத்தக்கன என்பாரும் உளர். காணாமற்போன ஒட்டகத்தின் கதையை அவர்கள் மறந்துவிட்டனர் போலும். வழியிற் கண்ட சுவடுகளைக் கொண்டே, தாம் ஒருபோதும் காணாத ஒட்டகம் ஒரு கால் நொண்டியென்றும், ஒரு கண் குருடென்றும், வால் குறுகியதென்றும் நால்வர் சொல்லிவிடுகின்றனர். தமிழில் அலகேசன் கதையுள் வரும் இந்நிகழ்ச்சி, சிற்சில வேறுபாடுகளுடன், சேரந்தீவின் அரசகுமாரர் மூவரைப் பற்றிய கதையாக 1557இல் வெனிஸ் நகரத்தில் இத்தாலிய மொழியில் அச்சேறியது. சேரந்தீவு என்பது நமது ஈழத்தின் பழம் பெயர்களுள் ஒன்றென்பதை நினைவூட்ட வேண்டியதில்லை. பின்னர்ப் பிரெஞ்சு அறிஞர் வொல்தேர் அதே உத்தியைத் தமது சாதிக் என்னுங் கதையுட் கையாண்டார். 1880இல் உயிரியலறிஞர் தோமஸ் ஹக்ஸ்லி, பாறையையும் எலும்பையும் பார்த்து அழிந்த உலகத்தை அறியும் விஞ்ஞானி கையாளும் முறையும் அச்சாதிக்கின் முறையே என்று ஒரு சொற்பொழிவில் விளக்கினார். துப்பறிவாளனும் விஞ்ஞானியும் ஒரே குலத்தவர் என்பது அன்றே ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது.

அண்மையில் யான் சேர்லொக் ஹோம்ஸ் கதைகளை வரிசைப்படி மீட்டும் வாசித்தேன். அவற்றோடு, அவற்றின் ஆசிரியர் ஆர்தர் கொனன் டொயில் 1924இல் வெளியிட்ட தன்வரலாற்றையும் ஒருங்கு வைத்துப் படித்தேன். கதைகள் நான்கு நாவல்களும் ஐம்பத்தாறு சிறுகதைகளுமாக விரிவன. ஆயினும் அவை அனைத்தினும் விறுவிறுப்பானது அவற்றை எழுதியவருடைய வாழ்க்கையே என்ற எண்ணம் எனக்கு உண்டாயிற்று. அவ்வாழ்க்கையுள் வரும் இரண்டு வழக்குகள் கற்பனையல்ல. அவற்றிலே மெய்யான மனிதர் சிறையில் வாடினர்.

டொயில் 1859ஆம் ஆண்டு மே மாதம் 22ஆம் நாள் ஸ்கொத்லாந்தின் தலைநகராகிய எடின்பரோவிற் பிறந்தார். குடும்பம் ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பம். தந்தையார் அரசாங்க உத்தியோகத்தர்; ஓவியம் வல்லவர்; மதுவுக்கு அடிமையாகி, ஈற்றில் மனநோய் விடுதிகளிலே நாள் கழித்து 1893இல் இறந்தவர். அவர் விரும்பி வரைந்தவை வன தேவதைகளின் உருவங்கள். இதனை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்க, பின்னர் வேண்டப்படும். வீட்டைத் தாங்கியவர் தாயார். வறுமையிடையேயும் பழங்கதைகளைச் சுவைபடச் சொல்லி மைந்தனை வளர்த்தவர் அவரே. தமக்குக் கதை சொல்லும் ஆற்றல் வந்தது அன்னையிடமிருந்தே என்று டொயில் நன்றியோடு எழுதியுள்ளார்.

யேசுசபையார் நடத்திய ஸ்ரோனிஹேர்ஸ்ற் கல்லூரியிற் கற்றபின், 1876இல் எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலச் சேர்ந்தார். அங்கேதான் யோசெப் பெல் என்னும் அறுவை மருத்துவரைக் கண்டார். மெலிந்த தேகமும் கூரிய மூக்கும் ஊடுருவும் பார்வையும் உடைய அப்பேராசிரியர், நோயாளி வாய் திறக்குமுன்னரே அவனுடைய ஊரையும் தொழிலையும் சொல்லிவிடுவார். மாணவர் பலருள் டொயிலைத் தெரிந்தெடுத்து வெளிநோயாளர் பகுதியிலே தமக்கு எழுத்தராக வைத்துக்கொண்டார். ஒருநாள் ஒருவன் வந்து நின்றான். உடை சாதாரணக் குடிமகனுடையது. பெல் அவனைப் பார்த்து, மலைநாட்டுப் படைப்பிரிவொன்றிலே சிறு பதவி வகித்து அண்மையில் விலகியவன் என்றும், பார்படோஸ் தீவில் இருந்தவன் என்றும் கூறினார். அவன் எல்லாவற்றுக்கும் ஆமென்றான். திகைத்து நின்ற மாணவருக்குப் பெல் காரணங்களை எடுத்துக் காட்டினார். அவன் மரியாதையாக நடந்தும் தொப்பியைக் கழற்றவில்லை. படையில் அவ்வழக்கம் இல்லை. குடிமக்களின் வழக்கம் படிவதற்கு நாள் போதவில்லை. தோற்றத்திலே அதிகார மிடுக்குத் தெரிந்தது. ஸ்கொத்லாந்தன் என்பதும் புலப்பட்டது. அவனுக்கு இருந்த நோயோ யானைக்கால். அது மேற்கிந்தியத் தீவுகளிற் பரவிய நோய்.

பெல்லினது முறை மந்திரமன்று. தருக்க நூலார் அனுமானம் என்று கூறுவதே அது. மலையிற் புகை கண்டு நெருப்பு உண்டென்று துணிவது போல்வது. மணிமேகலையின் இருபத்தொன்பதாங் காதையைப் பாடஞ் சொல்லும் ஆசிரியர், பக்கம், ஏது, திட்டாந்தம் என்று வறண்ட முறையில் மாணாக்கரை வருத்துவதற்கு மாறாக, இந்த யானைக்கால் நோயாளியை உதாரணமாக வைத்துக்கொள்ளலாம். அக்காதை போலிகளையும் வகுத்துக் கூறுகின்றது; அவற்றுக்கும் உதாரணம் இவ்வரலாற்றிலேயே கிடைக்கும்.

படிப்பு முடியுமுன்னரே, 1880இல், பீற்றர்ஹெட் துறைமுகத்திலிருந்து புறப்பட்ட ஹோப் என்னும் திமிங்கில வேட்டைக் கப்பலில் மருத்துவராகச் சேர்ந்து வடதுருவக் கடலுக்குச் சென்றார். வயது இருபது. பனிப்பாறைகளிடையே பலமுறை தவறி நீரில் வீழ்ந்து உயிர் தப்பினார். மறுவருடம் பட்டம் பெற்றுப் பிறிதொரு கப்பலில் மேற்கு ஆபிரிக்கா சென்று, கடுங் காய்ச்சலிற் கிடந்து மீண்டார். 1882இல் போர்ட்ஸ்மவுத்தை அடுத்த சவுத்சியில் கையிற் பத்துப் பவுணும் இல்லாத நிலையிலே தனியாக வைத்தியசாலை திறந்தார். முதலாண்டு முழுவதிலும் கிடைத்த வருவாய் 154 பவுண் மாத்திரமே. நோயாளி வராத வேளையெல்லாம் கதை எழுதினார். ஹோம்ஸ் பிறந்தது இந்த ஓய்வின் பயனேயாம். 1886இல் எழுதிய முதல் நாவலைப் பதிப்பாளர் பலர் திருப்பி அனுப்பினர். ஈற்றில் ஒரு நிறுவனம் பதிப்புரிமை முழுவதையும் 25 பவுணுக்கு வாங்கி, 1887ஆம் ஆண்டின் நத்தார் மலரொன்றிலே வெளியிட்டது. உலகத்துத் துப்பறிவாளர் யாவருக்கும் தலைவனாகிய பாத்திரத்தின் விலை இருபத்தைந்து பவுண்!

இக்காலத்து நிகழ்ச்சியொன்றைப் பலர் எடுத்துரைப்பதில்லை. 1890ஆம் ஆண்டு நவம்பரில், சயரோகத்துக்கு மருந்து கண்டுவிட்டார் ரொபேட் கொக் என்ற செய்தி ஐரோப்பாவெங்கும் பரவியது. நோயாளர் கூட்டங் கூட்டமாகப் பேர்லினுக்கு விரைந்தனர். யாரும் அழைக்காமலே டொயிலும் போனார். விரிவுரை மண்டபத்துள் நுழைய அனுமதி கிடைக்கவில்லை. எனினும் உள்ளேயிருந்த அமெரிக்க மருத்துவர் ஒருவர் எழுதிய குறிப்புக்களைப் பெற்றுப் படித்தும், நோயாளரை மறுநாள் நேரிற் பார்த்தும், இம்மருந்தின் பயன் இன்னும் நிறுவப்படவில்லை, உலகம் அவசரப்பட்டுவிட்டது என்று இங்கிலாந்துப் பத்திரிகைக்கு எழுதினார். கொக் உலகம் போற்றிய மேதை. டொயில் ஊர் பேர் தெரியாத மருத்துவர். ஆயினும் டொயில் சொன்னதே மெய்யாயிற்று. கண்முன் உள்ள சான்று எவ்வளவோ அவ்வளவே துணிதல் வேண்டும் என்னும் பெல்லின் பாடத்தை அவர் நன்கு கற்றிருந்தார் என்பதற்கு இதனினும் வேறு சாட்சி வேண்டா. மூன்றாண்டு கழித்து அவருடைய மனைவி லூயிசாவுக்கே அந்நோய் கண்டது. 1906இல் அவ்வம்மையார் இறந்தார்.

1891இல் வியன்னா சென்று கண் மருத்துவம் பயின்று, இலண்டனிலே கண் வைத்தியராக அமர்ந்தார். ஒரு நோயாளியும் வரவில்லை. அவ்வாண்டு யூலையில் ஸ்ராண்ட் என்னும் மாத இதழில் ஹோம்ஸ் சிறுகதைகள் வெளிவரத் தொடங்கின. பிறகு மருத்துவம் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. அந்த முதற் சிறுகதையிலேயே நம் திருகோணமலையின் பெயர் வருகின்றது. அற்கின்சன் சகோதரருக்கு அங்கு நேர்ந்த விசித்திரமான துன்பத்தை ஹோம்ஸ் துலக்கினான் என்று ஆசிரியர் போகிற போக்கிலே கூறிச் செல்கின்றார். அச்சகோதரர் யாவர், நேர்ந்தது யாது என்பதை எவ்விடத்தும் விளக்கினாரல்லர். மறு வருடம் எழுதிய வேறொரு கதையில், கோப்பிச் செடி நோயுற்று அழிந்தபின் இலங்கையிலே தேயிலையைப் பயிரிட்டு மீண்டவரின் துணிவைப் பாராட்டுகின்றார். அவர் பாராட்டியது தோட்டத் துரைமாரையே. அத்தேயிலையை நட்ட கைகளைப் பற்றி அவர் ஒன்றும் எழுதவில்லை.

பொதுவாகக் கதைகளைப் பற்றி ஒரு கருத்துச் சொல்ல வேண்டும். குரைக்காத நாயைக் கொண்டு திருடனை அறியும் கதை போன்ற சிலவே உயர்ந்தவை. பல இடங்களில் ஹோம்ஸ் துணிவது அனுமானமன்று, ஊகம். ஒரு சுவட்டுக்குப் பத்துக் காரணம் இருத்தல் கூடும். அவற்றுள் ஒன்றே உண்மை என்று ஆசிரியர் முன்னரே ஏற்பாடு செய்துவிடுகின்றார். வற்சன் என்னும் மருத்துவ நண்பர் கதை சொல்வதால் அவ்வோட்டை நமக்குத் தெரிவதில்லை. வற்சனே டொயிலின் பெரிய கண்டுபிடிப்பு என்பது என் துணிபு. தமிழில் 1894இலேயே நடேச சாஸ்திரியார் தானவன் என்னும் பொலிஸ் நிபுணனைப் படைத்தார். பின் ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூர் துரைசாமி ஐயங்காரும் இத்துறையிற் பெருந்தொகையாக எழுதிக் குவித்தனர். இவர்கள் நூல்களில் மர்மம் உண்டு, திருப்பம் உண்டு. வற்சனைப் போல உடனிருந்து வியக்கும் நண்பன் அமையாமையே குறை.

1893 டிசம்பரில், தம் வரலாற்று நாவல்களை உலகம் மதிக்காததற்கு ஹோம்ஸே காரணமெனச் சலித்து, சுவிற்சர்லாந்தின் றைக்கன்பாக் நீர்வீழ்ச்சியில் அவனைத் தள்ளிவிட்டார் டொயில். அதே மாதத்திலே யோசெப் பெல் எடின்பரோ நீதிமன்றத்தில், ஒரு கொலை வழக்கிலே அரசாங்கத் தரப்பு நிபுணராகச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார். கதை இறந்தபோது மூலம் கூண்டிலே நின்றது! வாசகரின் துக்கத்தையும் கோபத்தையும் பற்றிப் பலரும் எழுதியுள்ளனர், அவற்றை விடுப்போம். 1900இல் டொயில் தென்னாபிரிக்கப் போரில் புளூம்பொன்ரைன் நகரிலே நெருப்புக்காய்ச்சல் கண்ட படைவீரரிடையே மருத்துவஞ் செய்தார். 1902இல் சேர் பட்டம் பெற்றார். 1903இல் ஹோம்ஸ் உயிர்த்தெழுந்தான்.

இனி வழக்குகளுக்கு வருவோம்.

பம்பாயிலிருந்து சென்று கிறித்தவராகிய பார்சி ஒருவர், சபூர்ஜி எடல்ஜி என்பார், இங்கிலாந்தின் ஸ்ரபோட்சயரில் கிறேற் வயர்லி என்னும் சிற்றூரில் குருவானவராக இருந்தார். ஆங்கில மாது ஒருவரை மணந்திருந்தார். மூத்த மகன் ஜோர்ஜ், பேமிங்காம் நகரிலே சட்டத்தரணி. புகையிரதச் சட்டம் பற்றிப் பொதுமக்களுக்காகச் சிறு நூலொன்றும் எழுதியவர். நிறம் வேறுபட்ட இக்குடும்பத்துக்கு நெடுங்காலமாகவே பெயரில்லாக் கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. 1903இல் அவ்வூரில் குதிரைகளும் மாடுகளும் இரவிலே வயிறு கிழிக்கப்பட்டுக் கிடந்தன. பொலிசார் ஜோர்ஜையே பிடித்தனர். தாமும் மகனும் ஓர் அறையிலேயே கதவைப் பூட்டிப் படுத்திருந்தோம் என்று தந்தை கூறியது எடுபடவில்லை. ஜோர்ஜினது மேலாடையிலே குதிரை உரோமம் காணப்பட்டதென்பது ஒரு சான்று. அவ்வாடையும் இறந்த குதிரையின் தோல் துண்டும் பொலிசார் கையில் ஒன்றாகவே இருந்தன என்பது பின்னர் வெளிப்பட்டது. ஏதுப்போலி என்பதற்கு இதனினும் நல்ல உதாரணம் காட்டல் அரிது. அவர் சிறையிலிருக்கும்போதே மீண்டும் ஒரு விலங்கு கிழிக்கப்பட்டது. அதுவும் கூட்டாளிகளின் செயல் என்றனர். ஏழாண்டுக் கடுஞ்சிறை விதிக்கப்பட்டது. பத்தாயிரம்பேர் கையெழுத்திட்ட விண்ணப்பமும் பயன்படவில்லை. மூன்றாண்டு கழித்து, 1906இல், காரணங் கூறாமலே அவரை விடுவித்தனர். குற்றம் நீங்கவில்லை, தொழிலும் இல்லை.

மனைவியை இழந்து சோர்ந்திருந்த டொயிலுக்கு இவ்வழக்குப் பற்றிய செய்தி கிட்டியது. 1907 சனவரியில் இலண்டன் விடுதியொன்றில் ஜோர்ஜைச் சந்திக்க ஏற்பாடாயிற்று. டொயில் சிறிது தாமதித்து வந்தார். ஜோர்ஜ் பத்திரிகை வாசித்துக்கொண்டு இருந்தார். தாளை முகத்துக்கு மிக அண்மையிலே, சற்றுச் சாய்வாகப் பிடித்திருந்தார். இதனைத் தூரத்தே நின்று கண்ட அக்கணமே, கடுமையான கிட்டப்பார்வையும் அதனோடு பார்வைச் சிதைவும் உடையவர் இவர் என்று டொயில் துணிந்தார். நோயாளியே வராத கண் வைத்தியரின் கல்வி பதினாறாண்டு கழித்து இங்கே பயன்பட்டது. மழை பெய்த காரிருளிலே, புகையிரதப் பாதைகளையும் வேலிகளையும் கடந்து, வயலிற் காவலர் கண்ணிற் படாது குதிரையைத் தேடிச் சென்று திரும்புதல் இம்மனிதருக்கு இயலுமா? கண் நிபுணர் ஒருவரைக் கொண்டு அளந்து பார்த்தபோது, டொயிலின் துணிபு சரியென்று தெரிந்தது. அவர் பெல்லின் மாணவராக நின்ற அந்த அரை நிமிடத்தை நினைக்கும்போதெல்லாம், ஐம்பத்தாறு கதைகளும் எனக்கு ஒரு படி தாழ்ந்தே தோன்றுகின்றன.

டெயிலி ரெலிகிராப் பத்திரிகையிலே கட்டுரைகள் வெளியாகின. நாடு கொந்தளித்தது. அரசாங்கம் மூவர் குழுவை அமைத்தது. அவருள் ஒருவர் அம்மாவட்டப் பொலிஸ் அதிபருக்கு உறவினர். விலங்கைக் கிழித்த குற்றத்திலிருந்து ஜோர்ஜுக்கு மன்னிப்பு. ஆயினும் பெயரில்லாக் கடிதங்களை எழுதியவர் அவரே. ஆதலால் நட்டஈடு இல்லை என்பது முடிபு. இது நீதியா, நீதியின் நிழலா என்பதை வாசகரே அறிவர். சட்டத்தரணிகள் சங்கம் அவரைத் திரும்பவும் ஏற்றுக்கொண்டது. அவ்வாண்டிலேயே இங்கிலாந்திற் குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அமைக்கப்பட்டதற்கு இவ்வழக்கும் ஒரு காரணம். செப்ரெம்பரில் டொயில் மறுமணஞ் செய்தபோது, விருந்தினருள் ஜோர்ஜ் எடல்ஜியும் இருந்தார்.

ஒரு குறையும் சொல்லவேண்டும். எடல்ஜி குற்றவாளியல்லர் என்று காட்டியதோடு டொயில் நின்றாரல்லர். குற்றவாளி இன்னானென்று வேறொருவனையும் சுட்டினார். அதற்கு அவர் காட்டிய சான்று மெலிந்தது, அரசாங்கம் ஏற்கவில்லை. பொலிசார் எடல்ஜிக்குச் செய்ததையே அவரும் பிறிதொருவனுக்குச் செய்யத் துணிந்தார் என்பது கசப்பான உண்மை.

இரண்டாம் வழக்கு நீண்டது. 1908 டிசம்பரில் கிளாஸ்கோவிலே மரியன் கில்கிறிஸ்ற் என்னும் முதிய செல்வப் பெண்மணி அடித்துக் கொல்லப்பட்டார். வைர ஊசி ஒன்று காணாமற்போயிற்று. ஜேர்மன் யூதராகிய ஒஸ்கார் சிலேற்றர் வைர ஊசி ஒன்றை அடகு வைத்தவர் என்று தெரிந்து அவரைத் தேடினர். அது வேறோர் ஊசி. கொலைக்கு முன்பே அடகு வைக்கப்பட்டது. ஆயினும் விட்டார்களில்லை. நியூயோர்க்கிலிருந்து தாமாகவே இணங்கித் திரும்பிய சிலேற்றருக்கு 1909இல் மரணதண்டனை விதித்து, இறுதி நேரத்தில் ஆயுட்சிறையாக மாற்றினர். 1912இல் டொயில் சிறு நூலொன்று எழுதினார், பயனில்லை. உண்மை பேசிய துப்பறியும் அதிகாரி ஒருவர் 1914இல் வேலை இழந்தார். விடுதலையான கைதி ஒருவன் வாயிலே மறைத்துக் கொணர்ந்த சிலேற்றரின் செய்தி 1925இல் டொயிலை அடைந்தது; மீண்டும் எழுந்தார். 1927இல் விடுதலை, 1928இல் தீர்ப்பு நீக்கம், 6000 பவுண் நட்டஈடு. சிலேற்றர் பதினெட்டாண்டுக்கு மேலாக அடைபட்டிருந்த சிறை பீற்றர்ஹெட்டில் உள்ளது. இருபது வயது இளைஞராக டொயில் துருவக் கடலுக்குக் கப்பலேறிய அதே ஊர். வழக்குச் செலவு பற்றி இருவரும் பின்னர் மனக்கசப்புற்றுப் பிரிந்தனர். காப்பாற்றியவரும் காப்பாற்றப்பட்டவரும் நண்பராவது கதைகளில்.

இத்தகைய டொயில் ஆவியுலக நம்பிக்கையுள் ஆழ்ந்ததுதான் பலருக்கும் விளங்காத புதிர். மகன் கிங்ஸ்லி 1918 ஒக்ரோபரிலும், தம்பி இன்னெஸ் அடுத்த பெப்ரவரியிலும் இறந்தமையால் மனம் பேதலித்தது என்பர். இது பொருந்தாது. சவுத்சி நாட்களிலிருந்தே அவருக்கு அதில் நாட்டம் உண்டு. 1916இலேயே தம் நம்பிக்கையைப் பகிரங்கமாகச் சொல்லிவிட்டார். துயரம் அதனை வளர்த்தது, பிறப்பிக்கவில்லை. 1920இல் இதனைப் பரப்பவே அவுஸ்திரேலியாவுக்குப் பயணமானார். வழியில் இலங்கையும் கண்டார். பயண நூலிலே நம் கடலின் கட்டுமரங்களைப் பற்றியும் எழுதியுள்ளார். அவ்வாண்டு டிசம்பரில், கொற்றிங்லி என்னும் ஊரிலே 1917இல் இரு சிறுமியர் எடுத்த வன தேவதைகளின் புகைப்படங்களை மெய்யென நம்பி, ஸ்ராண்ட் இதழிற் கட்டுரை வெளியிட்டார். கடதாசியில் வரைந்து வெட்டி, தொப்பி ஊசியாற் குத்தி நிறுத்தியவை அவை என்று, முதுமையெய்திய அவ்விருவரும் 1983இல் ஒப்புக்கொண்டனர். அவர்கள் பார்த்து வரைந்த படம் 1914ஆம் ஆண்டின் பரிசு நூலொன்றில் வந்தது. அந்நூலிலேயே டொயிலின் கதையொன்றும் அச்சாகியிருந்தது. பேர்லினிலே கொக்கை ஐயுற்ற கண்ணுக்கு, தம் புத்தக அலுமாரியில் இருந்திருக்கக்கூடிய ஏடு தெரியவில்லை. தந்தையார் வரைந்த தேவதைகளை இங்கே வாசகர் நினைப்பாராக. மாயவித்தைக்காரர் ஹூடினியோடு கொண்ட நட்பும், 1922இல் ஹூடினியின் தாயாரது ஆவி ஆங்கிலத்தில் நீண்ட மடல் எழுதியதாகக் காட்டியமையால் முறிந்தது. அந்த யூதத் தாய்க்கு ஆங்கிலம் எழுதத் தெரியாது. மடலின் தலைப்பிலோ சிலுவை இருந்தது.

அவரை எள்ளுதல் எளிது. சிலேற்றர் குற்றமற்றவர் என்று பதினைந்தாண்டு விடாது நின்ற பிடிவாதமும், கடதாசித் தேவதைகளை விடாத பிடிவாதமும் ஒரே நெஞ்சிலே ஊறியவை. ஒன்றை மாத்திரம் வைத்துக்கொண்டு மற்றதைக் களைந்துவிட அவரால் இயலவில்லை. மற்றவர் நகைப்பர் என்ற அச்சம் அவருக்கு எக்காலத்தும் இருந்ததில்லை.

1930 யூலை 7ஆம் நாள், குறோபறோ என்னும் ஊரிலுள்ள தம் இல்லத்திலே, எழுபத்தோராம் வயதிற் காலமானார். ஆறு நாள் கழித்து இலண்டன் அல்பேட் மண்டபத்திலே ஆயிரக்கணக்கானோர் கூடினர். மேடையில் அவர் மனைவியாருக்கு அருகே ஒரு நாற்காலி வெறுமையாக விடப்பட்டிருந்தது. அதில் அவர் வந்து அமர்வாரென்று குடும்பத்தார் நம்பினர்.